பாறையின் முன் ஒரு முழுப் பகல்

நேயர்களுக்கு வணக்கம். நிலவியல் பயிலும் பல்கலைக்கழக மாணவர்களை அயல்நாட்டுக் களப்பயணத்திற்கு அழைத்துச் செல்லும்போது, ஒரே வாரத்தில் பத்துப் பன்னிரண்டு இடங்களைக் காட்டிவிடும் ஆசை ஆசிரியர்களுக்கு எழுவது இயல்பு. இரண்டு மூன்று இடங்களே போதும், ஆனால் ஒவ்வொன்றிலும் ஒரு முழுப் பகல் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையிலுள்ள சிக்கார் முனையை எடுத்துக்கொள்வோம். 1788ஆம் ஆண்டு ஸ்காட்லாந்து நிலவியலாளர் ஜேம்ஸ் ஹட்டன், தம் நண்பர்கள் ஜான் பிளேஃபேரையும் ஜேம்ஸ் ஹாலையும் உடன் அழைத்துக்கொண்டு படகில் சென்று கண்ட இடம் அது. ஏறத்தாழ 43 கோடி ஆண்டுகள் பழைமையான சாம்பல்நிறப் பாறை அடுக்குகள் நட்டுவைத்த பலகைகளைப்போல நிமிர்ந்து நிற்க, அவற்றின் தலைமேல் சுமார் 37 கோடி ஆண்டுகளுக்கு முன் படிந்த செம்மணற்கல் சற்றே சாய்ந்து படுத்திருக்கிறது. கடலடியில் கிடையாகப் படிந்த சேறும் மணலும் இறுகிப் பாறையாகி, மடிந்து, மேலெழுந்து, தேய்ந்த பிறகே அந்தச் செம்மணல் வந்து சேர்ந்தது. இடைப்பட்ட கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு அங்கே பாறை இல்லை; இரண்டும் சந்திக்கும் கோடு மட்டுமே உண்டு. படம் பிடித்துக்கொண்டு நகர்பவருக்கு அது வெறும் நிறமாற்றம். குறிப்பேட்டில் பென்சிலால் வரைபவரோ, கோடு எங்கே தொடங்குகிறது என்று தேடி மண்டியிடுகிறார். செம்மணற்கல்லின் அடியில் சாம்பல் பாறையின் உடைந்த சில்லுகள் சிக்கிக் கிடப்பதைக் காண்கிறார். எது முந்தையது என்று அவருக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இத்தாலியின் குப்பியோவில், சுண்ணாம்புக்கல் அடுக்குகளுக்கிடையே விரல் பருமனில் ஒரு களிமண் படிவு உள்ளது. டைனோசர்கள் அழிந்த காலத்தில் விண்கல் ஒன்று பூமியைத் தாக்கியது என்ற கருத்தை நிலவியலாளர் வால்டர் அல்வாரெஸ் குழுவினர் 1980இல் முன்வைத்தது, அதிலிருந்த மிகையான இரிடியத்தைக் கொண்டுதான்; அது பூமியின் மேலோட்டில் அரிதாகவும் விண்கற்களில் கூடுதலாகவும் உள்ள உலோகம். களிமண்ணுக்குக் கீழுள்ள கல்லைக் கைலென்ஸால் பார்த்தால் நுண்ணுயிர்களின் ஓடுகள் புள்ளி புள்ளியாகத் தெரியும். மேலுள்ள கல்லில் அவை அநேகமாக இல்லை. இத்தகைய இடங்களில் சுத்தியல் பையிலேயே இருக்கட்டும். அடுத்து வருபவருக்கும் அந்த அடுக்கு வேண்டும்.

பாறை அடுக்குகளின் திசையையும் சாய்வையும் அளக்கும் பழக்கம் புறப்படுமுன்பே கைக்கு வந்திருக்க வேண்டும். மாலையில் குறிப்பேடுகளை ஒன்றாகப் பரப்பினால் ஒரே பாறையின் படங்கள் ஒன்றுக்கொன்று மாறுபடும். விடையை ஆசிரியர் அங்கேயே சொல்லிவிடாமல், மறுநாள் காலை மாணவர்களை அதே பாறைக்கு மீண்டும் அழைத்துச் செல்லட்டும்.