அணுகுண்டுக்குள்ள ஒரு கொட்டைப் பருப்பு!

(திரையில்: ஒரு கை வறுத்த நிலக்கடலையை உடைக்குது. சத்தம் மட்டும்.)

இந்த 'டொக்' சத்தம் கேட்டுச்சா? அணுகுண்டு, அணு உலை எல்லாத்துக்கும் இங்கிலீஷ்ல முன்னாடி ஒட்டிக்கிற 'நியூக்ளியர்'ங்கிற பேரு இந்த மாதிரி ஒரு ஓட்டுக்குள்ள இருந்துதான் வந்துச்சு. தாவரவியல் படிச்சவங்க கோவிச்சுக்காதீங்க, கடலை பயறு வகைதான். முந்திரிக்கு பட்ஜெட் இல்ல.

வணக்கம் மக்களே! இன்னைக்கு நியூக்ளியஸ். லத்தீன்ல 'நுக்ஸ்'னா கொட்டை. அதுக்குள்ள இருக்கிற பருப்புதான் 'நூக்ளியுஸ்'.

வரலாற்றை வேகமா ஓட்டிடுறேன். 1831-ல தாவரவியலாளர் ராபர்ட் பிரவுன் (ஆமா, தண்ணியில துகள்கள் தாறுமாறா ஆடுற பிரவுனியன் இயக்கம் அவரேதான்) ஆர்கிட் செடியோட செல்லுக்குள்ள தெரிஞ்ச வட்டத்துக்கு இந்தப் பேரை வைச்சார். இயற்பியலாளர் ரூதர்ஃபோர்டு 1911-ல அணுவோட நடுவைக் கண்டுபிடிச்சு எழுதின கட்டுரையில இந்தச் சொல்லே கிடையாது, 1912-லதான் பயன்படுத்துறார். முடிஞ்சது.

லத்தீனை விட்டுட்டு கிரேக்கத்துக்குப் போனாலும் கொட்டை நம்மள விடல. அங்க 'கேரியான்'. 'யூ'ன்னா நல்ல, 'புரோ'ன்னா முன்னாடி. யூகேரியோட்னா நல்ல கொட்டை உள்ளது, அதாவது செல்லுக்குள்ள நியூக்ளியஸ் இருக்கிற உயிரினம். புரோகேரியோட், கொட்டை வர்றதுக்கு முந்தினது, அதாவது நியூக்ளியஸ் இல்லாதது. இதை யாராவது பதினொண்ணாம் வகுப்புலயே சொல்லியிருந்தா நான் அந்த ரெண்டையும் பரீட்சையில மாத்தி எழுதியிருக்க மாட்டேன்.

ஆனா அணுவுக்கு இந்தப் பேர் பொருத்தமான்னு கேட்டா, எனக்கு சிரிப்புதான் வருது. கடலையில பருப்பு ஓட்டை நிறைச்சுக்கிட்டு இருக்கு. ஹைட்ரஜன் அணுவை எடுத்துக்கங்க. அதோட நியூக்ளியஸ் 1 சென்டிமீட்டர் பருப்புன்னா, ஓட்டோட குறுக்களவு சுமார் 600 மீட்டர்! அப்படி ஒரு கடலையை எந்தக் கடைக்காரர் வித்தாலும் அடி விழும்.

(திரையில்: வாணலி. முட்டை உடையுது.)

இப்ப நம்ம சொல்லுக்கு வருவோம். செல்லுக்கு உட்கரு, அணுவுக்கு அணுக்கரு. கொட்டையை விட்டுட்டு கருவைப் பிடிச்சோம். என் ஓட்டு இதுக்குத்தான். கருன்னா உள்ள இருந்து ஒண்ணு வளரும்னு காதுலயே விழுது. ஆனா ஒரு வம்பும் இருக்கு. முட்டையோட மஞ்சள் கருவைப் பார்த்து, இதுதான் உட்கருன்னு நம்பின கூட்டத்துல நானும் ஒருத்தன். இல்லவே இல்ல! மஞ்சள் முழுக்க சாப்பாட்டு மூட்டை. கேமராவைக் கொஞ்சம் கிட்ட கொண்டு போறேன்... மஞ்சள் மேல வெளிறின ஒரு சின்னப் புள்ளி, தெரியுதா? கடையில வாங்கின இந்த முட்டையில உட்கரு இருக்கிற இடம் அந்தப் புள்ளிதான். இத்தனை வருஷமா ஆம்லெட்ல கலக்கி விட்டிருக்கோம்.

ஒண்ணுன்னா நியூக்ளியஸ், நிறைய இருந்தா நியூக்ளியை. நியூக்ளியஸஸ்னு சொல்லி மாட்டிக்காதீங்க.

உங்க பள்ளிக்கூடத்துல உட்கருவா, நியூக்ளியஸா? கமெண்ட்ல போடுங்க. லைக் பண்ணுங்க, முட்டை கருகுது, நான் கிளம்புறேன்.