ஏரி நகரவில்லை, எல்லை நகர்ந்தது

நேயர்களுக்கு வணக்கம். பறவைப் பட்டியல் எழுதுகிறவர்களிடம் நான் விடாமல் கேட்பது ஒன்றுதான்: எந்த எல்லைக்குள் எண்ணுகிறீர்கள்?

வேடந்தாங்கலை எடுத்துக்கொள்வோம். 1997க்கு முன் அது செங்கல்பட்டு மாவட்டம். அப்புறம் காஞ்சிபுரம். 2019 முதல் மறுபடி செங்கல்பட்டு. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் வழக்கம்போல மழைக்குப் பிறகு அதே மரங்களுக்குத்தான் வருகின்றன. ஆனால் மாவட்டவாரியாகக் கூட்டிப் பாருங்கள், காஞ்சிபுரத்தில் 2019க்குப் பிறகு நீர்ப்பறவைகள் திடீரென்று குறைந்ததாகத் தெரியும். உண்மையில் ஒரு குஞ்சுகூடக் குறைந்திருக்காது.

எனக்குத் தெரிந்த ஆசிரியர் ஒருவர், மதுராந்தகம் பக்கத்தில் வேலை பார்த்தவர், எண்பதுகளிலிருந்து குறிப்பேடு வைத்திருந்தார். மாவட்டப் பெயரை அவர் எழுதியதே இல்லை. ஏரியின் பெயர், எந்தக் கரை, மதகுக்கு எந்தப் பக்கம், பக்கத்துக் கிராமம். இவ்வளவுதான். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாயும் வயல் நன்றாக விளையும் என்று அந்த ஊர்க்காரர்கள் சொல்வார்கள், அதையும் எழுதி வைத்தார். மாவட்டம் எத்தனை முறை பிரிந்தாலும் அந்தக் குறிப்பேடு செல்லும். திரும்பவும் சொல்கிறேன், முதலில் இடத்தை எழுதுங்கள், மாவட்டம் பிறகு.

இங்கிலாந்தில் எச். சி. வாட்சன் என்ற தாவரவியலாளர் 1852இல் பிரிட்டன் முழுவதையும் 112 பதிவுப் பகுதிகளாகப் பிரித்தார். யார்க்‌ஷயர் ரொம்பப் பெரிது, அதை ஐந்தாக்கினார். 1974இல் அரசு அங்கே மாவட்டங்களை மாற்றியமைத்தது. செடி, பூச்சி பதிகிறவர்கள் இன்றும் வாட்சன் போட்ட எல்லைக் கோடுகளைக் கைவிடவில்லை. அதனால்தான் நூறாண்டுக்கு முந்தைய பதிவோடு இன்றைய பதிவை அவர்களால் ஒப்பிட முடிகிறது.

நமக்கும் அப்படி ஒரு அசையாத கோடு வேண்டும். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது இருந்த 32 மாவட்ட வரைபடத்தையே வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து. இப்போது 38 ஆகிவிட்டது, நாளை கூடலாம். அரசு பிரிக்கட்டும், பதிவுக்கு அந்த 32 போதும். கோயம்புத்தூர் மாதிரி இடங்களை மட்டும் உள்ளே பிரிக்க வேண்டும். வால்பாறை மழைக்காட்டையும் சூலூர்ச் சமவெளியையும் ஒரே பட்டியலில் போட்டால் அந்தப் பட்டியல் எதையும் சொல்லாது.

பழவேற்காட்டைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் முடிகிறது. அந்த ஏரியின் பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. பூநாரைகளை இரு மாநிலத்தாரும் ஒரே காலையில் எண்ண வேண்டும், இல்லாவிட்டால் ஒரே கூட்டம் இரண்டு கணக்கிலும் ஏறிவிடும். நன்றி, வணக்கம்.