குரல் உடைவது எந்த இடத்தில்?

நேயர்களுக்கு வணக்கம்.

"ஹலோ, கேக்குதா? நான் பேசறது கேக்குதா?" வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிற யார் வீட்டிலும் தினமும் காதில் விழுகிற கேள்வி இது. டீம்ஸ், ஜூம், கூகுள் மீட் எதுவானாலும் இதே கேள்விதான். குரல் உடைந்ததும் முதலில் நெட் கம்பெனியைத் திட்டுகிறோம். அடுத்து ஸ்பீடு டெஸ்ட் போடுகிறோம். அதில் 100 எம்பிபிஎஸ் என்று வருகிறது. அப்புறம் ஏன் உடைகிறது?

மீட்டிங்குக்கு அவ்வளவு வேகம் வேண்டியதே இல்லை. ஜூமில் இருவர் முகம் பார்த்துப் பேச செகண்டுக்கு 600 கிலோபிட், அதாவது 0.6 எம்பிபிஎஸ், போதும் என்று அந்த நிறுவனமே சொல்கிறது. வெறும் குரலுக்கு 100 கிலோபிட்டுக்கும் கீழே. ஆனால் அந்தக் கொஞ்சமும் சீராக வர வேண்டும். பேச்சை 20 மில்லிசெகண்டு துண்டுகளாக நறுக்கி, செகண்டுக்கு 50 பொட்டலமாக அனுப்புவது வழக்கம். ஒன்றிரண்டு தொலைந்தால் மென்பொருள் இட்டு நிரப்பிவிடும், காதுக்குத் தெரியாது. அடுத்தடுத்துப் பத்துப் பதினைந்து போனால் ஒரு சொல்லே போய்விடும். லேட்டாக வந்து சேர்ந்தாலும் அதே கதிதான். பேச்சு அந்த இடத்தைத் தாண்டிப் போயிருக்கும். யூடியூப் படத்தை முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொண்டு காட்டுகிறது. ஒருவர் இப்போது பேசுகிற பேச்சை எப்படிச் சேர்த்து வைப்பது? அதனால் "யூடியூப் நல்லாத்தானே ஓடுது" என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

கோளாறு எந்த இடத்தில் என்று காதாலேயே பாதி கண்டுபிடிக்கலாம். கூட்டத்தில் ஒருவர் குரல் மட்டும் உடைந்தால் அநேகமாக அவர் பக்கத்துச் சிக்கல். எல்லார் குரலும் உடைந்தால் நம் பக்கம். எல்லாரையும் நமக்குத் தெளிவாகக் கேட்கிறது, நாம் பேசுவதுதான் அவர்களுக்குக் கேட்கவில்லை என்றால், மைக் சரியாக இருக்கும் பட்சத்தில் நம் அப்லோடை, அதாவது நம்மிடமிருந்து வெளியே போகிற பாதையைத்தான் சந்தேகப்பட வேண்டும். அப்லோடை அடைப்பது பெரும்பாலும் வீட்டில் இன்னொரு போன். சார்ஜரில் செருகியதும் நாள் முழுக்க எடுத்த படங்களை மேலே ஏற்றத் தொடங்கிவிடும். அந்த வரிசைக்குப் பின்னால் உங்கள் குரல் பொட்டலம் நிற்கிறது. மீட்டிங் முடியும்வரை பேக்கப்பை நிறுத்தி வையுங்கள்.

இப்போது நான் விடாமல் வலியுறுத்துகிற ஒரு சோதனை. பெயர் பிங்: ஒரு சின்னப் பொட்டலத்தை அனுப்பி, அது போய்த் திரும்ப எத்தனை மில்லிசெகண்டு ஆகிறது என்று பார்ப்பது. பேனா இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள், மெதுவாகவே சொல்கிறேன். விண்டோஸ் கம்ப்யூட்டரில் விண்டோஸ் கீயையும் ஆர் எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். சின்னப் பெட்டி வரும். அதில் சி, எம், டி என்று அடித்து என்டர். கறுப்புத் திரை திறக்கும். அங்கே பிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடம் விட்டு, ரூட்டரின் எண்ணை அடியுங்கள். ரூட்டருக்கு அடியில் ஒட்டியிருக்கிற சீட்டில் அது இருக்கும், பெரும்பாலும் 192.168.1.1 அல்லது 192.168.0.1. மறுபடி இடம் விட்டு ஒரு சின்னக் கோடு, கோட்டை ஒட்டி டி எழுத்து. என்டர்.

செகண்டுக்கு ஒரு வரியாக ஓடத் தொடங்கும். ஒவ்வொரு வரியிலும் டைம் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். 2, 3, 2, 4 என்று போனால் லேப்டாப்புக்கும் ரூட்டருக்கும் நடுவில் குறை இல்லை. 3, 2, 180, 340, பிறகு "ரிக்வெஸ்ட் டைம்ட் அவுட்" என்று வந்தால்? இந்தப் பொட்டலம் இன்னும் வீட்டு வாசலையே தாண்டவில்லை. நெட் கம்பெனிக்குப் போன் போட்டுப் பயனில்லை, கோளாறு ஹாலுக்கும் படுக்கையறைக்கும் இடையில் இருக்கிறது. நிறுத்த கண்ட்ரோலும் சி-யும். அடுத்து ரூட்டர் எண்ணுக்குப் பதில் 8.8.8.8 போட்டு அதையே செய்யுங்கள். அது கூகுளின் சர்வர். முதல் சோதனை சீராக இருந்து இரண்டாவது மட்டும் தடுமாறினால், வீட்டு வைஃபை தப்பித்தது. அப்லோடு அடைப்பும் இல்லை என்று பார்த்துவிட்டு நெட் கம்பெனிக்குத் தைரியமாகப் புகார் கொடுக்கலாம். டீம்ஸுக்கு மைக்ரோசாஃப்ட் சொல்லும் அளவு இது: போய்த் திரும்ப 100 மில்லிசெகண்டுக்குள், தொலைவது நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே.

வீட்டுக்குள்தான் கோளாறு என்று தெரிந்துவிட்டதா? ரூட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேலே, ஷோகேஸுக்குள்ளே. இரும்பும் கான்கிரீட்டும் சிக்னலைத் தின்றுவிடும். திறந்த இடத்தில், ஆள் உயரத்தில் வையுங்கள். வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்தான் மைக்ரோவேவ் அடுப்பும் ப்ளூடூத்தும் பக்கத்து வீட்டு வைஃபைகளும் இருக்கின்றன. ரூட்டரும் லேப்டாப்பும் ஒரே அறையில் என்றால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறுங்கள். எல்லாவற்றையும்விட நல்லது ரூட்டரையும் லேப்டாப்பையும் நேராக இணைக்கிற ஒரு கேட் 6 லேன் கேபிள். லேப்டாப்பில் அதற்கான துளை இல்லையென்றால் யூஎஸ்பியில் செருகுகிற ஈதர்நெட் அடாப்டர் கடையில் கிடைக்கிறது. கேபிள் போட்டுவிட்டு அதே பிங்கைப் பாருங்கள், ஒரு மில்லிசெகண்டுக்கும் கீழே அசையாமல் நிற்கும். தினமும் மீட்டிங் உள்ளவர்கள் வேறு எதை வாங்குவதற்கும் முன்னால் இதை வாங்குங்கள்.

ஃபைபர் பெட்டியில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரிந்தால் ரீஸ்டார்ட் செய்து பிரயோசனமில்லை, கண்ணாடி இழையில் வெளிச்சமே வரவில்லை. உள்ளே வருகிற மெல்லிய வயர் மடங்கியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுக் கூப்பிடுங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் அந்தக் கணத்தில் ரூட்டர் அணைந்து எழுந்தால், திரும்ப நெட் வரச் சில நிமிஷம் ஆகும். அடாப்டரில் எழுதியிருக்கிற வோல்ட்டையும் ஆம்பியரையும் பார்த்து, அதற்குப் பொருந்துகிற ஒரு மினி யூபிஎஸ் வாங்கி வைத்தால் அந்தத் தொல்லை தீரும். அவசரத்துக்குப் போன் ஹாட்ஸ்பாட் உண்டு. 600 கிலோபிட் கணக்கில் போக வர ஒரு மணி நேரத்துக்கு 540 எம்பி ஆகும்.

ஆபீஸ் விபிஎன், அதாவது வீட்டு நெட்டிலிருந்து ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் போகிற பாதுகாப்பான வழி, அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்திருந்தேன், நேரம் நெருங்கிவிட்டது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். விபிஎன் போட்டால் உடைகிறது, எடுத்தால் சரியாகிறது என்றால் அதை ஐடி பிரிவுக்கு எழுதுங்கள். குரல் பொட்டலங்கள் போகிற யூடிபி போர்ட் எனும் வாசல்களில் டீம்ஸுக்கு 3478 முதல் 3481 வரை, ஜூமுக்கு 8801 முதல் 8810 வரை திறந்திருக்கிறதா, மீட்டிங் போக்குவரத்தை மட்டும் விபிஎன்னுக்கு வெளியே விட முடியுமா என்று கேளுங்கள். தேதி, மணி, பிங் திரையின் படம் மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். வணக்கம்.