குளிர் தாங்காத பழங்கள்

நேயர்களுக்கு வணக்கம். குளிர்பதனக் கிடங்குக்குள் போய்விட்டால் பழம் கெடாது என்று பலரும் நம்புகிறோம். ஆப்பிளுக்குப் பெரும்பாலும் அது சரி. 0 டிகிரியை ஒட்டிய குளிரில் மாதக்கணக்கில் கிடக்கும். வாழை அப்படியில்லை. 13 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினாலே அதற்குத் தொல்லைதான். முற்றிய மாங்காய்க்கும் ஏறக்குறைய அதே அளவு. பழம் உறைந்திருக்காது, ஆனாலும் அடிபட்டிருக்கும்.

வாழைக்காயின் தோலைக் கத்தியால் மெல்லச் சீவிப் பாருங்கள். அடியில் பழுப்பு நூல்போலக் கோடுகள் ஓடினால் குளிர் தாக்கியிருக்கிறது என்று அர்த்தம். அப்புறம் பழுத்தாலும் அந்தப் பளிச்சென்ற மஞ்சள் வராது, சாம்பல் பூசியதுபோல மங்கிக் கிடக்கும். மாம்பழத்தில் தோல் குழிகுழியாக விழும், மணம் எழும்பாது. அன்னாசியோ வெளியே அழகாக இருக்கும். அறுத்தால் நடுத்தண்டை ஒட்டிக் கறுத்திருக்கும்.

தேங்காய் எண்ணெய் குளிரில் இறுகுவதைப் பார்த்திருப்பீர்கள். பழத்தின் செல் சவ்விலும் கொழுப்பு உண்டு. குளிரில் அது விறைத்து, சவ்வு கசியத் தொடங்குகிறது. தனித்தனியே இருந்த, வேதிவினையைத் தூண்டும் நொதியும் பீனால் என்ற இயற்கை வேதிப்பொருள்களும் கலந்து பழுப்பு நிறம் உண்டாகிறது. வருத்தமான விஷயம், இதில் பெரும்பகுதி கிடங்குக்குள் கண்ணுக்குத் தெரியாது. வெளியே எடுத்து ஓரிரு நாள் கழிந்த பிறகுதான் வெளிப்படும். அதற்குள் பழம் கடைக்குப் போயிருக்கும்.

என்ன செய்யலாம்? ஒரேயடியாகக் குளிரில் தள்ளாமல், சில நாள் இடைவிட்டுப் படிப்படியாக இறக்கினால் பல பழங்கள் கூடுதலாகத் தாங்குகின்றன. இடையிடையே சிறிது நேரம் வெப்பத்துக்குக் கொண்டுவருவதும் பலன் தரும், பாதிப்பு முற்றுவதற்கு முன் செய்தால். பழுக்கத் தொடங்கிய மாம்பழம் பச்சைக் காயைவிடக் குளிரைப் பொறுக்கும். அதனால் இரண்டையும் ஒரே அறையில் அடுக்கக் கூடாது. மெழுகுப் பூச்சும் பாலித்தீன் உறையும் நீர் வற்றுவதைத் தடுத்துக் குழி விழுவதைக் குறைக்கும்.

ஆனால் நான் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான். சுவரில் 13 என்று காட்டும். குளிர்காற்று நேராக வீசும் மேல் அடுக்குப் பெட்டியில் 11 ஆக இருக்கும். ஊசி முனையுள்ள வெப்பமானியை அந்தப் பெட்டியின் பழச் சதைக்குள் செருகிப் படியுங்கள். குளிரூட்டும் கருவியில் வைத்த வெப்ப அளவை அதற்கேற்பத் திருத்துங்கள். நன்றி, வணக்கம்.