தட்டைப் பார்த்துச் சீறிய பூனை

வணக்கம். எங்கள் வீட்டுப் பூனை ராக்காயிக்கு இப்போது ஏழு வயது. மத்தி மீன் அவிக்கும் வாசனை வந்தாலே அடுக்களை வாசலில் நின்று கத்துவாள். நான்கு வருடத்துக்கு முன் ஒருநாள் வழக்கம்போல் ஓடி வந்தாள், ஒரு வாய் கவ்வினாள், யாரோ அடித்த மாதிரி தட்டைப் பார்த்துச் சீறிவிட்டுக் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். "வேளாவேளைக்குக் கிடைக்குதுல்ல, அதான் திமிரு" என்றார் என் மாமியார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவளுக்குப் பசி இருந்தது. வாய்தான் எரிந்தது. அந்த வலியைத் தட்டுதான் கொடுத்தது என்று எண்ணித் தட்டையே சீறியிருக்கிறாள், பாவம். யோசித்துப் பார்த்தால் அதற்கு ஒரு மாதம் முன்பே வாய் நாற்றம் இருந்தது. மோவாயில் எச்சில் காய்ந்து கிடந்தது. முதுகு ரோமம் பிசுக்கேறிச் சிக்காகியிருந்தது. நாக்கால் நக்கித்தானே பூனை குளிக்கிறது? வாய் வலித்தால் குளியலும் நின்றுவிடும். வெயிலுக்கு அப்படி இருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

கால்நடை மருத்துவர் உதட்டைத் தூக்கிக் காட்டினார். கடைவாய்ப் பற்களை ஒட்டி ஈறு ரத்தச் சிவப்பாக இருந்தது. தொண்டைக்கு முன்னால் இரண்டு பக்கமும் சதை புடைத்திருந்தது. பல்லில் படியும் அழுக்கை உடம்பின் எதிர்ப்பு சக்தி பெரிய பகையாக எடுத்துக்கொண்டு அளவுக்கு மீறிச் சண்டை போடுவதாகச் சொன்னார். இப்படிப்பட்ட பூனைகள் பலவற்றில், பூனைகளுக்குச் சளியும் வாய்ப்புண்ணும் கொடுக்கிற கேலிசி வைரஸும் இருக்குமாம்.

ஸ்டீராய்டு ஊசி போட்டார். மூன்றாம் நாள் மீன் தலையைக் கடித்து இழுத்தாள். நோய் போய்விட்டது என்று தெருவுக்கே சொன்னேன். இரண்டு மாதத்தில் திரும்பி வந்தது. அடுத்த ஊசி ஆறு வாரம் தாங்கியது, அதற்கடுத்தது ஒரு மாதம். ஊசி வீக்கத்தை அடக்கும், வேரைத் தொடாது என்று புரிய எனக்கு ஒன்றரை வருடம் ஆனது. இப்படிப் போட்டுக்கொண்டே போனால் சர்க்கரை நோய் வரக்கூடும் என்றும் மருத்துவர் எச்சரித்தார்.

நடுவில் ஒரு பைத்தியக்காரத்தனம் செய்யப் பார்த்தேன். பல்வலிக்குக் கிராம்புத் தைலம் நம் வீடுகளில் இருப்பதுதானே, ஒரு சொட்டுத் தடவலாமா என்று போனில் கேட்டேன். நல்ல வேளை, கேட்டேன். பூனைக்கு அது விஷம். பாரசிட்டமால் அதைவிட மோசம். அதை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்குக் கிடையாது, ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். நாம் தேய்க்கும் பற்பசையும் கூடாது.

கடைசியில் பல்லெடுப்பு. பல் போனால் அந்த அழுக்குப் படிய இடமிருக்காது. வளர்ந்த பூனைக்கு மொத்தம் 30 பல். கோரைப் பற்களையும் முன்பற்களையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் மயக்க மருந்து கொடுத்து எடுத்தார்கள். வேர்த்துணுக்கு உள்ளே தங்கினால் வலி தொடரும் என்பதால் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். "பல்லில்லாம எப்படித் திங்கும்?" என்று மாமியார் அழுதார். பல் இருந்தபோதுதான் அவள் தின்னவில்லை.

பாதிக்கு மேற்பட்ட பூனைகள் இதில் நன்றாகத் தேறிவிடும். சிலவற்றுக்குக் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ராக்காயி அந்தச் சிலவற்றில் ஒன்று. வருடத்துக்கு இரண்டு தடவை ஈறு சிவக்கும், ஒரு வாரம் மருந்து. அந்த நாட்களில் உப்பு, வெங்காயம், பூண்டு போடாமல் கோழியை வேகவைத்து மிக்சியில் கூழாக அடித்து, வெதுவெதுப்பாக வைப்பேன். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததை அப்படியே வைத்தால் வாசனை வராது, மோந்துவிட்டுப் போய்விடுவாள். ஒருநாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் காத்திருப்பதில்லை. பட்டினி நீண்டால் பூனைக்குக் கல்லீரலில் கொழுப்பு ஏறிவிடும். ஞாயிற்றுக்கிழமை அவளைத் தூக்கிக்கொண்டு எடை மிஷினில் நிற்பேன், அப்புறம் தனியாக நிற்பேன், கழித்துக் காலண்டரில் குறித்துவைப்பேன். என் எடையும் அதில் தெரிந்துவிடுகிறது, அது வேறு கதை.

திமிர் என்று சொன்ன மாமியார்தான் இப்போது தினமும் காலையில் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராக்காயியின் உதட்டைத் தூக்கிப் பார்க்கிறார். போன வாரம் கூப்பிட்டார்: "இடது பக்கம் லேசா செவந்திருக்கு, டாக்டருக்குப் போனைப் போடு. அப்படியே கோழி வாங்கிட்டு வந்துடு."