அப்பாவிடமும் கேளுங்கள்

(திரையில்: ஒரு சேர்க்கைப் படிவம், மெல்ல நெருங்கும் கேமரா)

குரல்: வணக்கம். குழந்தையை ஒரு பராமரிப்பு மையத்திலோ பள்ளியிலோ சேர்க்கும்போது தரும் படிவத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அப்பாவின் பெயர் கேட்பார்கள், தொழில் கேட்பார்கள், வருமானமும் கேட்பார்கள். ஆனால் 'அவசரத்துக்கு யாரை அழைக்க வேண்டும்' என்பதற்கு ஒரே ஒரு கட்டம்தான் இருக்கும். பெரும்பாலும் அதில் அம்மாவின் எண் ஏறிவிடும். அன்றிலிருந்து காய்ச்சல் என்றாலும் சரி, பெற்றோர் கூட்டம் என்றாலும் சரி, போன் அவருக்குத்தான் போகும்.

பிறகு ஒருநாள் அதே மையத்து ஊழியர்கள், "இந்த வீட்டில் அப்பா எதிலும் கலந்துகொள்வதே இல்லை" என்று வருத்தப்படுவார்கள். அவரை யாராவது கூப்பிட்டார்களா? அதைத்தான் இந்த வீடியோவில் பார்க்கப்போகிறோம்.

(திரையில்: பிறந்த குழந்தையை மார்போடு அணைத்திருக்கும் அப்பா)

குரல்: குழந்தையை வளர்க்கும் திறமை பெண்ணுக்குப் பிறவியிலேயே வருவது, ஆணுக்கு வராதது என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில் 600-க்கும் அதிகமான இளைஞர்களைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. அப்பா ஆனவர்களின் உடலில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் கணிசமாகக் குறைந்திருந்தது. தினமும் அதிக நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டவர்களிடம் அந்த அளவு இன்னும் குறைவாக இருந்தது. ஆணின் உடலும் பிள்ளை வளர்ப்புக்கு ஏற்ப மாறக்கூடியதுதான்.

மிச்சமெல்லாம் பழக்கம். எந்த அழுகை பசிக்கு, எது தூக்கத்துக்கு என்று அம்மாவும் குழந்தையோடு இருந்து இருந்துதான் தெரிந்துகொள்கிறார். அந்த நேரம் அப்பாவுக்கும் கிடைக்க வேண்டும்.

(திரையில்: நாட்காட்டி, 1974, 1993, 1995 என ஆண்டுகள் தோன்றுகின்றன)

குரல்: சட்டம் இதற்கு எப்படி உதவும்? சுவீடன் 1974-இலேயே மகப்பேறு விடுப்பை, அம்மா அப்பா இருவரும் பகிர்ந்துகொள்ளும் பெற்றோர் விடுப்பாக மாற்றியது. ஆனாலும் அந்த நாட்களை எடுத்துக்கொண்ட அப்பாக்கள் மிகச் சிலர். அப்பா தன் பங்கை அம்மாவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று இருந்ததால், எல்லாம் அவர் பக்கமே போயிற்று. நார்வே 1993-இல் நான்கு வாரங்களை அப்பாவுக்கென்றே ஒதுக்கியது. அவர் எடுக்காவிட்டால் அந்த வாரங்கள் வீணாகும். சில ஆண்டுகளிலேயே பெரும்பாலான அப்பாக்கள் விடுப்பு எடுக்கத் தொடங்கினார்கள். சுவீடனும் 1995-இல் ஒரு மாதத்தை இப்படி ஒதுக்கியது. ஆசை முன்பும் இருந்திருக்கும். மேலாளரிடம் போய், "இது எனக்கான விடுப்பு" என்று சொல்ல அப்போதுதான் வழி கிடைத்தது.

(திரையில்: குழந்தை நல மையம். இரண்டு நாற்காலிகள்.)

குரல்: இனி, குழந்தைகளுக்கான சேவைகளில் இருப்பவர்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். தடுப்பூசி போட இருவரும் வருகிறார்கள். குழந்தையை மடியில் வைத்திருப்பவர் அப்பா. ஆனால் நர்ஸ் அம்மாவைப் பார்த்து, "ராத்திரி நல்லா தூங்குதா?" என்று கேட்கிறார். அதே கேள்வியை அப்பாவைப் பார்த்தும் கேட்டுப் பாருங்கள். "நீங்க எப்படி இருக்கீங்க?" என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தை பிறப்பை ஒட்டிய காலத்தில் அப்பாக்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு வருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2010-இல் வெளியான கட்டுரை சொல்கிறது. அது அவருடைய எரிச்சலாகவோ, ஓயாத வேலையாகவோ வெளிப்படலாம். யாரும் கேட்காவிட்டால் அவராகச் சொல்வது அரிது.

இங்கே ஒரு கேள்வி எழும், எழவும் வேண்டும். வன்முறை செய்யும் அப்பாவையும் உள்ளே அழைப்பதா? குழந்தையின், தாயின் பாதுகாப்புதான் எப்போதும் முதலில். ஆனால் ஆண்களைக் கண்டுகொள்ளாமல் விடுவது பாதுகாப்பு ஆகாது. வீட்டு ஆண்களால் காயப்பட்ட கைக்குழந்தைகளைப் பற்றி இங்கிலாந்தின் குழந்தைப் பாதுகாப்பு மறு ஆய்வுக் குழு 2021-இல் ஓர் அறிக்கை தந்தது. அந்த ஆண்கள் பல சமயம் சேவைகளின் கண்ணிலேயே படவில்லை என்பது அதில் வந்த கவலை. யார் உதவி தேவைப்படுபவர், யாரால் ஆபத்து என்பது அவரைச் சந்தித்துப் பேசினால்தான் தெரியும்.

பிரிந்து வாழும் அப்பா, மாற்றாந்தந்தை, தனியாகப் பிள்ளை வளர்ப்பவர் என எல்லாரையும் ஒரே தட்டில் வைக்கவும் முடியாது. வீட்டில் யார் யார் இருக்கிறார்கள், குழந்தை யாரோடு நேரம் கழிக்கிறது என்று முதலில் கேளுங்கள்.

(திரையில்: அதே படிவம். இப்போது இரண்டு கட்டங்கள்.)

குரல்: நாளைக் காலை உங்கள் மையத்துப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். இரண்டாவது தொலைபேசி எண்ணுக்கு இடம் இருக்கிறதா? அழைப்புக் கடிதம் இருவர் பெயருக்கும் போகிறதா? வேலைக்குப் போகிறவர் வரக்கூடிய மாலை நேரத்தில் வாரம் ஒரு சந்திப்பாவது உண்டா? இல்லையென்றால், அடுத்து அச்சடிக்கும் படிவத்தில் அந்த இரண்டாவது கட்டத்தை முதலில் சேர்த்துவிடுங்கள்.