ஒலிநாடா இல்லாத அரை மணி நேரம்

நேயர்களுக்கு என் அன்பான வணக்கம்.

ஒரு புகைப்படத்திலிருந்து தொடங்குகிறேன். வானொலியில் படத்தைக் காட்ட வழியில்லை. நான் சொல்லச் சொல்ல நீங்கள் மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். பெரிய அறை, பின்னால் வரிசையாகக் கொடிகள். அவற்றின் முன்னே இருவர் கைகுலுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். ஒருவர் சாம்பல் நிற சூட்டும் டையும் அணிந்த அதிகாரத் தோற்றக்காரர். மற்றவர் தோளில் ஊதா நிற வெல்வெட் கோட்டைப் போர்த்தியிருக்கிறார். சட்டைக் காலர் அகன்று விரிந்து கிடக்கிறது. இடுப்பில் உள்ளங்கையைவிடப் பெரிய தங்க பெல்ட். சூட்டுக்காரர் அமெரிக்க அதிபர் ரிச்சர்ட் நிக்சன், வெல்வெட்காரர் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி. இடம் வெள்ளை மாளிகையின் ஓவல் அறை. நாள் 1970 டிசம்பர் 21, திங்கட்கிழமை நண்பகல். அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்திடம் மக்கள் மிக அதிகமாகக் கேட்டு வாங்கும் படங்களில் இதுவும் ஒன்று.

கல்லூரி நாட்களில் ஒரு பழைய இதழில் இதை முதன்முதலாகப் பார்த்தபோது, யாரோ இரண்டு படங்களை வெட்டி ஒட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இருவரும் ஒரே காற்றைச் சுவாசித்திருப்பார்கள் என்று நம்ப மனம் வரவில்லை. அந்த நம்பமுடியாமையைத்தான் 2016-இல் லிசா ஜான்சன் என்ற இயக்குநர் ‘எல்விஸ் அண்ட் நிக்சன்’ என்ற நகைச்சுவைப் படமாக எடுத்தார். ஒன்றரை மணி நேரத்துக்கும் குறைவான சின்னப் படம். இன்று அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நடந்ததே ஒரு கதை.

அந்தக் கிறிஸ்துமஸ் சமயத்தில் எல்விஸ் துப்பாக்கிகளும் மெர்சிடிஸ் கார்களுமாகப் பரிசு வாங்கிக் குவித்திருந்தார். செலவு லட்சம் டாலரைத் தாண்டிவிட்டது. அப்பாவும் மனைவியும் தட்டிக் கேட்டார்கள். மனுஷனுக்குக் கோபம் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாமல் மெம்பிஸில் வீட்டைவிட்டுக் கிளம்பி விமானம் ஏறிவிட்டார். வாஷிங்டன் போனார், அங்கிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் போனார். அங்கே ஜெர்ரி ஷில்லிங் என்ற நண்பரைச் சேர்த்துக்கொண்டு, இரவு விமானத்தில் மறுபடியும் வாஷிங்டனுக்கே திரும்பினார். அந்த விமானத்தில்தான், விமான நிறுவனத்தின் கடிதத்தாளையே வாங்கி, அதிபருக்குத் தன் கைப்பட ஒரு கடிதம் எழுதினார். அடித்தல் திருத்தலோடு, பள்ளிப் பையன் எழுத்தில், பக்கம் பக்கமாக.

அந்தக் கடிதம் இன்றும் இருக்கிறது. ‘நான் எல்விஸ் பிரெஸ்லி’ என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். உலகில் பாதிப் பேருக்குத் தெரிந்த முகம். அவரே தன் பெயரைச் சொல்லித்தான் தொடங்குகிறார். நாட்டுக்கு ஏதாவது செய்ய ஆசை என்கிறார். போதைப்பொருள் தடுப்பில் உதவத் தயார், அதற்காகத் தன்னை மத்திய அரசின் முகவராக நியமிக்க வேண்டும் என்கிறார். தங்கியிருக்கும் விடுதியின் அறை எண்கள் 505, 506, 507 என்றும், ஜான் பரோஸ் என்ற பெயரில் இருப்பதாகவும் எழுதிவைக்கிறார். திங்கள் விடியற்காலையில் வெள்ளை மாளிகை வாசலுக்கே போய்க் காவலாளியிடம் கொடுத்துவிட்டு வருகிறார்.

உண்மையில் அவர் ஆசைப்பட்டது ஒரு பேட்ஜுக்கு. காவல்துறை பேட்ஜ்களைச் சேகரிப்பதில் அவருக்குத் தீராத ஆசை. பல ஊர்க் காவல்துறைகள் கொடுத்தவை கையில் இருந்தன. மத்தியப் போதைப்பொருள் தடுப்புத் துறையின் பேட்ஜ் மட்டும் இல்லை. அன்று காலை அந்தத் துறையின் துணை இயக்குநரிடமே போய்க் கேட்டார். முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

இதற்கிடையே வெள்ளை மாளிகைக்குள் கடிதம் மேஜை மேஜையாக ஏறிக்கொண்டிருந்தது. எகில் க்ரோக், ட்வைட் சேப்பின் என்ற இரண்டு இளம் உதவியாளர்கள் சந்திப்புக்கு ஆதரவாக இருந்தார்கள். சேப்பின் மேலதிகாரி ஹால்டமனுக்கு ஒரு குறிப்பு அனுப்புகிறார்: அரசுக்கு வெளியே உள்ள இளைஞர்களை அதிபர் சந்திக்க விரும்பினால், பிரெஸ்லியிலிருந்து தொடங்கலாம். அந்த வரிக்குப் பக்கத்தில் ஹால்டமன் பேனாவால் எழுதியது, ‘விளையாடுகிறீர்களா!’ என்று தமிழில் சொல்லத்தக்க ஒரு வரி. எழுதிவிட்டுக் கீழே ஒப்புதலும் கொடுத்தார். படத்தில் இந்தக் காட்சிகளுக்குப் புதிதாக எதையும் சேர்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

அந்த உதவியாளர்களுக்கு ஏன் இவ்வளவு அவசரம்? அந்த 1970-ஆம் ஆண்டை நினைத்துப் பார்க்க வேண்டும். மே மாதம் ஒஹையோவில் கென்ட் மாநிலப் பல்கலைக்கழகத்தில் வியட்நாம் போரை எதிர்த்து நின்ற மாணவர்கள் மீது தேசியக் காவல்படை சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள். சில நாள் கழித்து, விடியுமுன் நிக்சன் தூக்கம் வராமல் லிங்கன் நினைவிடத்துக்குப் போய், அங்கே கூடியிருந்த மாணவர்களிடம் பேச முயன்றார். பேச்சு ஒட்டவில்லை. செப்டம்பரில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் போனார், அக்டோபரில் ஜானிஸ் ஜாப்ளின் போனார், இருவருமே போதையால். இளைஞர்களிடம் எந்த வழியில் போய்ச் சேருவது என்று தெரியாமல் தவித்த ஒரு அரசின் வாசலில், விடியற்காலையில் எல்விஸ் தானாகவே வந்து கடிதத்தோடு நின்றார்.

ஏறத்தாழ அரை மணி நேரச் சந்திப்பு. அதில் என்ன பேசினார்கள்? இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. நிக்சன் என்றாலே ஒலிநாடா நினைவுக்கு வரும். தன் அறைகளில் ரகசியமாகப் பதிவு செய்து ஏறத்தாழ 3,700 மணி நேரப் பேச்சை அவர் சேர்த்து வைத்தார். கடைசியில் அந்த நாடாக்களே 1974-இல் அவரைப் பதவியிலிருந்து இறக்கின. ஆனால் அந்தக் கருவி ஓவல் அறைக்கு வந்தது 1971 பிப்ரவரியில். எல்விஸ் வந்துபோய் இரண்டு மாதம் கழித்து! ஆக, அந்த அரை மணி நேரத்தின் குரல் எங்கும் இல்லை. க்ரோக் எழுதிவைத்த ஒரு குறிப்பு, ஆலி அட்கின்ஸ் எடுத்த புகைப்படங்கள், பிற்பாடு உடனிருந்தவர்கள் சொன்ன நினைவுகள், இவ்வளவுதான் மிச்சம்.

அந்த மௌனத்துக்குள் ஒரு நகைச்சுவைப் படம் நுழையும்போது அது என்ன வேண்டுமானாலும் செய்யலாம். இரண்டு பேரையும் கோமாளியாக்கி இருக்கலாம். ஒருவர் பின்னாளில் ஊழலில் விழுந்தவர், மற்றவர் மருந்து மாத்திரைகளில் அழிந்தவர். கேலிக்கு இதைவிட எளிய இலக்கு கிடைக்காது. ஜான்சன் அந்த வழியில் போகவில்லை. சிரிப்பை அவர் வேறு இடத்தில் தேடினார்.

ஓவல் அறைக்குள் போகுமுன் எல்விஸுக்கு விதிமுறைகள் சொல்கிறார்கள். அங்கே கிண்ணத்தில் மிட்டாய் இருக்கும், அது அதிபருக்கு. குளிர்பானம் இருக்கும், அதுவும் அதிபருக்கு. உள்ளே போன எல்விஸ் கிண்ணத்தை எடுத்து மிட்டாயைச் சாப்பிடுகிறார், குளிர்பானத்தைத் திறந்து குடிக்கிறார். தொட்டதெல்லாம் தனக்கே என்று பழகிவிட்ட கை அது. நிக்சன் அதைப் பார்க்கிறார். அதட்டவில்லை. அந்த இடத்தில் நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடிக்கும்போது அந்த இருவரையும் பிடித்துப்போயிருந்தது. அந்த நாட்டின் உச்சியில் இருந்த இரண்டு பேர், தம் எதிரில் பயப்படாமல் உட்காரும் ஒரு ஆளை வெகு நாளாகப் பார்க்கவில்லை என்பது மிட்டாய்க் கிண்ணத்தின் வழியாக நமக்குப் புரிந்துவிடுகிறது. பிறகு எல்விஸ் அதிபருக்குக் கராத்தே காட்டுகிறார். அதுவும் அப்படித்தான், மெல்ல மெல்லத் தயக்கம் கரைகிற காட்சி.

எல்விஸாக நடித்த மைக்கேல் ஷானனைப் பற்றி நான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். அவருக்கு எல்விஸின் முகம் கொஞ்சமும் இல்லை. கன்ன எலும்பு துருத்திய, இறுகிய முகம். முதல் பத்து நிமிடம் இது சரிவருமா என்று எனக்குச் சந்தேகம்தான். ஆனால் அவர் உதட்டைக் கோணவில்லை, இடுப்பை ஆட்டவில்லை. தாழ்ந்த குரலில், சோர்ந்துபோன மரியாதையோடு பேசுகிறார். எல்விஸ் வேடம் போடுகிறவர்கள் உலகெங்கும் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். படத்திலேயே விமான நிலையத்தில் அப்படி வேடமிட்டவர்கள் வருகிறார்கள். வேடத்தை விட்டுவிட்டு ஆளைத் தேடியதுதான் ஷானன் செய்தது. தான் ஒரு அறைக்குள் நுழைந்தால் எல்லோரும் தங்கள் பழைய நினைவுகளைத்தான் பார்க்கிறார்கள், தன்னை யாரும் பார்ப்பதில்லை என்ற பொருளில் அவர் பேசும் ஓர் இடம் உண்டு. அந்த இடத்தில் நகைச்சுவைப் படம் என்பதே மறந்துபோகிறது.

கெவின் ஸ்பேசியின் நிக்சனில் கூன் விழுந்த தோளும் முணுமுணுப்பும் சரியாக வந்திருக்கின்றன, இருந்தும் அது ஒரு பாவனை என்பது கடைசிவரை தெரிந்துகொண்டே இருக்கிறது. ஷில்லிங் எப்படியாவது ஊர் திரும்ப வேண்டும் என்று தவிக்கும் காதல் கிளைக்கதையும் எனக்கு ஒட்டவில்லை. 1997-இல் தொலைக்காட்சிக்கு எடுத்த ‘எல்விஸ் மீட்ஸ் நிக்சன்’ என்ற படமும் இதே சந்திப்பைத்தான் சொன்னது. அது பொய் ஆவணப்படம் போல, கிண்டலில் வேகம் கூடிய படம்.

இனி க்ரோக்கின் குறிப்புக்கு வருகிறேன். அதைப் படித்தவர்களுக்குப் படத்தின் கனிவு எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும். எல்விஸ் தன் பேட்ஜ்களை மேஜையில் எடுத்துக் காட்டினார். இளைஞர்களிடம் உங்கள் பேச்சு எடுபடும், அந்த நம்பிக்கையை இழந்துவிடாதீர்கள் என்றார் நிக்சன். மேடையில் பிரசங்கம் செய்தால் அவர்களை அடைய முடியாது, நான் பாடித்தான் அடைய முடியும் என்றார் எல்விஸ். பீட்டில்ஸ் குழுவைப் பற்றிக் குறை சொன்னார். இதை மறைத்துப் பேச நான் விரும்பவில்லை. தன்னோடு தொழில் செய்த கலைஞர்களைப் போட்டுக்கொடுப்பது போன்ற அந்தப் பேச்சு எனக்கு இன்றும் உறுத்துகிறது. ஆனால் அதே மூச்சில், நான் டென்னஸியிலிருந்து வந்த ஏழைப் பையன், இந்த நாடு எனக்கு நிறையக் கொடுத்தது, அதைத் திருப்பிச் செய்ய வேண்டும் என்று உணர்ச்சியோடு சொல்லியிருக்கிறார். பாட வருமுன் அவர் லாரி ஓட்டியவர். சொன்னது பொய்யில்லை.

பேட்ஜ் கிடைத்தது. நிக்சனே கொடுக்கச் சொன்னார். எல்விஸ் கொண்டுவந்த பரிசு, இரண்டாம் உலகப்போர் நினைவாக ‘கோல்ட்’ (Colt) என்ற துப்பாக்கி நிறுவனம் செய்த ஒரு கைத்துப்பாக்கி. பாதுகாவலர்கள் அதை அறைக்கு வெளியிலேயே வாங்கி வைத்துக்கொண்டார்கள். சந்திப்பு ரகசியமாகவே இருந்தது. 1972 ஜனவரியில் ஜாக் ஆண்டர்சன் என்ற பத்திரிகையாளர் எழுதிய பிறகே வெளியே தெரிந்தது. 1977 ஆகஸ்ட் 16 அன்று, 42 வயதில், எல்விஸ் தன் வீட்டுக் குளியலறையில் இறந்தார். அவர் உடலில் மருத்துவர்கள் எழுதிக்கொடுத்த மருந்துகள் பல இருந்தன. போதைத் தடுப்புத் துறையின் பேட்ஜும் அந்த வீட்டில்தான் இருந்தது. படம் இந்த முடிவை நம் முன் விரித்துக் காட்டுவதில்லை. பார்க்கிற நமக்குத் தெரியும் என்று விட்டுவிடுகிறது. அந்த விட்டுவிடுதலுக்காகவே இயக்குநரை நான் மதிக்கிறேன்.

புறப்படும் நேரம் வந்தது. எல்விஸ் இடது கையை நீட்டி அதிபரை அணைத்துக்கொண்டார் என்று க்ரோக் எழுதுகிறார். அதை எதிர்பாராத செயல் என்றும் குறிக்கிறார். வெளியே காத்திருந்த ஷில்லிங்கையும் சன்னி வெஸ்ட் என்ற நண்பரையும் உள்ளே அழைக்க முடியுமா என்று கேட்டார். வந்தார்கள். நிக்சன் மேஜை இழுப்பறையைத் திறந்து, விருந்தினருக்கென்று வைத்திருந்த சட்டைக்கைப் பொத்தான்களையும் டை ஊசிகளையும் எடுத்துக் கொடுத்தார். எல்விஸ் மேஜையைச் சுற்றி அவர் பக்கத்தில் போய் நின்றுகொண்டு, இவர்களுக்கு வீட்டில் மனைவிமாரும் இருக்கிறார்கள் என்று நினைவூட்டினார். அதிபரும் பாடகரும் தோளோடு தோள் குனிந்து, அந்த இழுப்பறைக்குள் பெண்களுக்குக் கொடுக்க ஏதாவது இருக்கிறதா என்று துழாவினார்கள்.

வணக்கம்.